இரண்டு மச்சங்களும் ஒரு ‘நன்று’ம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ மாணவர்களின் பிரிவுபசார விழாக்களில் பெருகிவிட்ட ஆடம்பரத்தைப் பற்றி ஒரு தாயார் மனம் நொந்து எழுதியிருந்த கடிதத்தைத் தங்கள் வாசகர் பகுதியில் படித்தேன். ஒரே நிறத்தில் சட்டை, வாடகைக் கோட்டு, ட்ரோன் கேமரா, மண்டபத்தில் விருந்து என்று வீட்டுக்கு வீடு வசூலாகும் தொகையை அவர் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் விழாவும் வேண்டாம், ஆட்டோகிராஃப் நோட்டும் வேண்டாம், தேர்வு நுழைவுச்சீட்டைக் கையில் கொடுத்துப் பிள்ளைகளை அமைதியாக வீட்டுக்கு அனுப்பினால் போதும் என்று அவர் முடித்திருந்ததைத்தான் ஏற்க முடியவில்லை. தூத்துக்குடியில் கத்தோலிக்கத் துறவற சபை ஒன்று நடத்தும் மேல்நிலைப் பள்ளியில் 32 ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து 2022-இல் ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சிலவற்றைச் சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

பள்ளியை விட்டுப் போகும் மாணவனுக்கு நாம் அதிகாரபூர்வமாகக் கொடுத்தனுப்புவது மாற்றுச் சான்றிதழ். அதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அவன் இன்னான் என்று அறிய இரண்டு அங்க அடையாளங்கள் குறித்திருக்கும். பெரும்பாலும் வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது தோளில் ஒரு மச்சம். அவன் எப்படிப்பட்டவன் என்று அறிய, நடத்தை குறித்த கட்டத்தில் ‘நன்று’ என்று ஒரு சொல் இருக்கும். ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஏழாண்டு ஒரே வளாகத்தில் வளர்ந்த பிள்ளைக்கு நாங்கள் எழுதிக் கொடுத்தது அவ்வளவுதான். நானே ஆண்டுதோறும் ஐம்பது, அறுபது சான்றிதழ்களில் அந்த ‘நன்று’வை எழுதியிருக்கிறேன், முப்பதாவது சான்றிதழுக்குப் பிறகு பெயரைக்கூடப் படிக்காமல் கை தானாக எழுதிக்கொண்டு போகும்.

1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது பதினோராம் வகுப்பில் சேர்ந்த முதல் அணியைச் சேர்ந்தவன் நான். எங்களுக்கு மேலே வகுப்பே கிடையாது. ஆகவே 1980-இல் நாங்கள் விடைபெற்றபோது, எப்படி விடைபெறுவது என்று பார்த்துக் கற்க மூத்தவர்களும் இல்லை. ஆளுக்கொரு ஆட்டோகிராஃப் நோட்டு வாங்கினோம். உதிரும் பூ, காகிதக் கப்பல், ரயில் சிநேகம் என்று எல்லோருக்கும் எல்லோரும் ஒன்றையே எழுதினோம். என் நோட்டு இன்றும் இருக்கிறது. நாற்பத்திரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட என்னைப் பற்றியது அல்ல. பெயரை மாற்றிவிட்டால் எவருக்கும் பொருந்தும். பின்னாளில் ஃபேன்சி ஸ்டோர்களில் வந்த ஸ்லாம் புக், பிடித்த நிறம், பிடித்த நடிகர், பிடித்த உணவு என்று அச்சடித்த கட்டங்களை நிரப்பச் சொன்னது. அதுவும் ஒருவகையில் மாற்றுச் சான்றிதழ்தான்.

இந்தக் குறை மனத்தில் கிடந்ததால் 1994-ஆம் ஆண்டு பிப்ரவரியில் என் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்று செய்து பார்த்தேன். மாணவர்களின் பெயர்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி, சாக்பீஸ் டப்பாவில் போட்டுக் குலுக்கி, ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னேன். யார் பெயர் வருகிறதோ அவனைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். மதிப்பெண்ணைப் பற்றிப் பேசக்கூடாது, பட்டப்பெயர் கூடாது, கண்ணால் பார்த்த ஒரு செயலாவது இருக்க வேண்டும். உயிர் நண்பனுக்குத்தான் எழுதுவேன் என்று பலர் மன்றாடினார்கள். நான் இணங்கவில்லை. நண்பர்களிடம் விட்டால் கலகலப்பானவனுக்குப் பத்துப் பக்கமும் கடைசி பெஞ்சில் வாய் திறவாதவனுக்கு ஒன்றுமில்லாமலும் போகும் என்பது ஆசிரியர் எவருக்கும் தெரியும்.

அந்த முதல் ஆண்டிலேயே ஒருவன் சீட்டோடு திரும்பி வந்து, “இவனப் பத்தி எழுத ஒண்ணுமே இல்ல சார், வேற சீட்டுத் தாங்க” என்றான். இரண்டு வாரம் அவனைக் கவனித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து அவன் கொண்டுவந்த பக்கத்தில், கரும்பலகையின் வலது மேல்மூலையில் தினமும் காலையில் பழைய தேதியை அழித்துப் புதுத் தேதியை எழுதிவைப்பது அந்த வாய் திறவாத பையன்தான் என்றும், யாரும் சொல்லாமல் இரண்டு ஆண்டுகளாக அதைச் செய்துவந்திருக்கிறான் என்றும், “நாங்கள் எல்லோரும் தேதி தானாக மாறுவதாக நினைத்திருந்தோம்” என்றும் இருந்தது. அன்று முதல் அந்த மூலையைப் பார்க்காமல் நான் வகுப்புக்குள் நுழைந்ததில்லை.

கத்தோலிக்கப் பள்ளிகளுக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு; அதையும் சொல்லிவிடுகிறேன். காலை வழிபாட்டில் அன்றைய புனிதரின் வாழ்க்கைச் சுருக்கத்தை வாசிப்பது எங்கள் பள்ளியில் வழக்கம். அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் நண்பனைப் பற்றி எழுது என்றால் உடனே அவனைப் புனிதர் ஆக்கிவிடுவார்கள். பொறுமையின் சிகரம், அன்பின் ஊற்று, தாய்தந்தையருக்குக் கீழ்ப்படிதலில் முன்மாதிரி என்று பக்கம் நிரம்பிவிடும். கன்னியாகுமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் 1752-இல் உயிர்நீத்த தேவசகாயம் பிள்ளைக்குத் திருச்சபை 2022 மே 15-ஆம் நாள்தான் புனிதர் பட்டம் அளித்தது. 270 ஆண்டுகள் கழித்து, விசாரித்துக் கொடுத்த பட்டத்தை என் மாணவர்கள் பத்து நிமிடத்தில் கொடுத்துவிடுவார்கள். அத்தகைய பக்கங்களையும், நட்பைப் பற்றி மனப்பாடம் செய்த செய்யுளோடு தொடங்கும் பக்கங்களையும் சிவப்பு மையில் குறுக்குக்கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இரண்டாம் முறை, மூன்றாம் முறை எழுதிவரும்போதுதான் மனிதன் தலைகாட்டுவான்.

அப்படித் தலைகாட்டியவர்களில் சிலரை இங்கே அறிமுகப்படுத்துவதில் பிழையில்லை என்று நினைக்கிறேன், பெயர் சொல்லப்போவதில்லை. உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருவனைப் பற்றி அவன் அறைத்தோழன் எழுதியது இது: “ஊரிலிருந்து வரும் கருப்பட்டியை விடுதிக் கதவிடுக்கில் வைத்துத்தான் உடைப்பான். பெரிய துண்டுகளை எங்களுக்குத் தந்துவிட்டு, கதவில் ஒட்டியிருக்கும் தூளை விரலால் வழித்து நக்கிக்கொள்வான். அவனுக்குக் கருப்பட்டி பிடிக்காதோ என்று நான் ஓராண்டு நினைத்தேன்.” விடுமுறை நாட்களில் தாயோடு அளத்துக்கு உப்பு வாரப் போகும் மாணவனைப் பற்றி இன்னொருவன், “எல்லோரும் வெயிலுக்குப் போனால் கண்ணைச் சுருக்குவார்கள், இவன் வகுப்பறை நிழலுக்குள் வந்தால்தான் சுருக்குவான்” என்று எழுதினான். உப்பளத்தின் வெண்மையில் கண் கூசிக் கூசிப் பழகியவனை எத்தனையோ பேர் பார்த்திருக்கிறோம்; இப்படிச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. பாடற்குழுவில் பாடிய கத்தோலிக்க மாணவன் ஒருவன் இந்துத் தோழனைப் பற்றி எழுதியபோது, திருப்பலியில் தனக்கு வரி மறந்துபோனால் அவன் உதட்டைத்தான் பார்ப்பதாகவும், விபூதி பூசிய நெற்றிக்குக் கீழே அந்த உதடு ஒருநாளும் தப்பியதில்லை என்றும் குறிப்பிட்டான். எங்கள் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் எனும் மறைக்கல்வி வகுப்புக்கும் மற்றவர்கள் நன்னெறி வகுப்புக்கும் பிரிந்து போவார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் அவர்கள் பிரிவதை நாங்கள் அறிவோம், மற்ற நேரமெல்லாம் எப்படிக் கலந்திருந்தார்கள் என்பதை இந்த நோட்டுகளில்தான் படித்தேன்.

இதையெல்லாம் பெருமையாக மட்டும் சொல்லிச் செல்வது நேர்மையாகாது. 2003-இல் ஒரு பெரும் தவறு நடந்தது. எழுதியவன் செய்த தவறு அல்ல; என்னுடையது. மாணவன் ஒருவன் தன் பெஞ்சுத் தோழனைப் பற்றி மிக அருமையாக எழுதியிருந்தான். காலை முதல் பாடவேளையில் தோழன் தன் தோளில் சாய்ந்து உறங்கிவிடுவான் என்றும், ஆசிரியர் கண்ணில் படாதிருக்கத் தான் முதுகை நிமிர்த்திக்கொண்டு அசையாமல் இருப்பேன் என்றும், அவன் கை எப்போதும் சில்லென்று இருப்பதற்குக் காரணம் இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொட்டுவதுதான் என்றும், அந்தக் கூலியில்தான் அவன் சிறப்புக் கட்டணம் கட்டுகிறான் என்றும் எழுதியிருந்தான். படித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பிரிவுபசார விழாவில் பெற்றோர் நிறைந்த அரங்கில் அந்தப் பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தேன். கைதட்டல் எழுந்தது. மூன்றாவது வரிசையில் அவன் தாயார் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். மகனுக்குப் பள்ளி கட்டணச் சலுகை கொடுத்திருக்கிறது என்றே அவர் அதுவரை நம்பியிருந்தார், மகன் நண்பன் வீட்டில் இரவு தங்கிப் படிப்பதாகவும் நம்பியிருந்தார். பையன் எழுந்து வெளியே போய்விட்டான். தேர்வு முடிந்து, ஜூன் மாதம் மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தபோதுதான் மறுபடி அவனைப் பார்த்தேன். “அவன் எழுதுனதுல தப்பில்ல சார். நீங்க வாசிச்சதுதான் தப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அடுத்த ஆண்டு தலைமையாசிரியர் இந்த வழக்கத்தை நிறுத்தி வைத்தார், நிறுத்தியது நியாயமே. 2005-இல் மீண்டும் அனுமதி பெற்றபோது இரண்டு மாற்றங்களைச் செய்தேன். யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவனே முதலில் படிப்பான். வேண்டாத வரியை அவன் அடித்துவிடலாம், காரணம் கேட்கக்கூடாது. எந்தப் பக்கமும் மேடையில் வாசிக்கப்படாது. அன்பாகச் சொன்னாலும் பிறர் முன்னிலையில் சொல்லப்படும்போது ஒரு செய்தி வேறொன்றாகிவிடுகிறது என்பதை 2003-இல்தான் கற்றுக்கொண்டேன். எனக்கு அப்போது நாற்பத்தொரு வயது, அதுவே தாமதம். இன்று விழா மேடையையும் மண்டபத்தையும் ட்ரோனையும் பார்க்கும்போது எனக்குச் செலவைவிட இதுதான் உறுத்துகிறது. பிரிவு என்பது இருவருக்கிடையே நடப்பது. அதைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் வைத்தால், அழுகிறவன் கேமரா எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு அழத் தொடங்குகிறான்.

2021-ஆம் ஆண்டு அணியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பெருந்தொற்றால் மூடியிருந்த பள்ளி ஜனவரி 19-ஆம் நாள்தான் அவர்களுக்குத் திறந்தது. ஜூன் 5-ஆம் நாள் பொதுத்தேர்வே ரத்தாகிவிட்டது. விழா இல்லை, குழுப்படம் இல்லை, நன்றித் திருப்பலி இல்லை. முகக்கவசத்தோடு சில வாரங்கள் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதிய அந்த நோட்டில் கண்களைப் பற்றியும் கையெழுத்தைப் பற்றியும் தும்மலைப் பற்றியும்தான் நிறைய இருக்கிறது. என்னிடம் இருக்கும் 28 நோட்டுகளில் மிக மெலிந்தது அதுதான். அதை எழுதியவர்கள்தான் அடிக்கடி வந்து கேட்கிறார்கள்.

கேட்டு வருபவர்கள் எல்லோரும் பழைய மாணவர்களாகவே இருப்பார்கள் என்றில்லை. 2018-இன் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பெண் பள்ளிக்கு வந்திருந்தார். அவர் கணவர் எங்கள் விடுதியில் தங்கிப் படித்து 1999-இல் வெளியேறியவர். முந்தைய நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஏதோ விண்ணப்பத்தோடு இணைப்பதற்காகப் பள்ளிச் சான்றிதழின் நகல் தேவைப்பட்டிருந்தது. அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்து நகல் எடுத்துக் கொடுத்தார்கள்: இரண்டு மச்சங்கள், ஒரு ‘நன்று’. நான் 1999 நோட்டை எடுத்து அவர் கணவரைப் பற்றிய பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். “கணக்குப் போட்டு விடை வராவிட்டால் பேனா மூடியைக் கடிப்பான். வகுப்பில் மூடி நசுங்கிய பேனா எது கிடைத்தாலும் அவன் மேசையில் கொண்டுபோய் வைத்துவிடுவோம். இரவல் கொடுத்த பேனாவைத் திருப்பிக் கேட்க எங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்குக் கடித்து வைத்திருப்பான், மறுநாள் புதிது வாங்கித் தந்துவிடுவான்” என்று அதில் எழுதியிருந்தது. அவர் நெடுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “டீசல் கணக்கு எழுதும்போதும் அப்படித்தான் சார் கடிப்பாங்க” என்றார். ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். அவர் சான்றிதழ் நகலை உறையில் போட்டார். இந்தத் தாளை மடித்து ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

ஆட்டோகிராஃப் என்பது சினிமா கற்றுக்கொடுத்த வெற்றுப் பழக்கம் என்று சொல்பவர்களுக்கு எங்கள் கடற்கரையோடு தொடர்புடைய ஒரு செய்தியை நினைவூட்ட விரும்புகிறேன். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்து ஊர் ஊராக நடந்த புனித பிரான்சிஸ் சவேரியார், அதன்பின் கிழக்கே வெகுதூரம் கப்பலேறினார். 1546-இல் இன்றைய இந்தோனேசியாவில் உள்ள அம்போய்னாத் தீவிலிருந்து ஐரோப்பாவிலுள்ள தம் தோழர்களுக்கு எழுதிய மடலில், அவர்கள் தமக்கு அனுப்பிய கடிதங்களிலிருந்து அவர்கள் கைப்பட எழுதிய பெயர்களை மட்டும் வெட்டியெடுத்து எப்போதும் தம்மோடு வைத்திருப்பதாக அவரே சொல்கிறார். உடைமை ஏதும் வேண்டாம் என்று வார்த்தைப்பாடு கொடுத்த துறவி அவர். அந்த வார்த்தைப்பாட்டுத் தாளையும் தோழர்களின் கையெழுத்துத் துண்டுகளையும் அவர் ஒன்றாகவே சுமந்திருந்தார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிகள் நம் மாவட்டங்களில் எத்தனை இருக்கின்றன! அவற்றில் சிலவற்றில்கூட இப்போது கடைசி நாளில் மாணவர் பைகளைச் சோதித்து ஆட்டோகிராஃப் நோட்டுகளைப் பறிமுதல் செய்கிறார்கள் என்று கேள்விப்படும்போது சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.

நடைமுறையில் இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. செய்முறைத் தேர்வுகள் முடிந்து பொதுத்தேர்வு தொடங்குவதற்குள் இரண்டு பாடவேளைகள், 200 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ். மை பேனாவில் எழுதினால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் பத்தாண்டில் பரவிவிடும். 1994, 1995 நோட்டுகளில் சில பக்கங்களை நான் அப்படித்தான் இழந்தேன். ஆகவே பால்பாயிண்ட் பேனாவே நல்லது. சில ஆண்டுகளில் இந்த நாட்கள் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்தில் விழும். அப்போது விழா விருந்து வைப்பதா, இறைச்சி தவிர்க்கும் வெள்ளிக்கிழமையில் பிரியாணி போடலாமா என்று ஆசிரியர் அறையில் பெரிய விவாதமே நடக்கும். நோட்டுக்கு அந்தத் தொல்லை கிடையாது. தனியார் பள்ளி, அரசுப் பள்ளி, எந்தச் சமயத்தார் நடத்தும் பள்ளியிலும் தமிழாசிரியர் ஒருவர் மனம் வைத்தால் போதும். தங்கள் நாளிதழின் மாணவர் பகுதியிலும், எழுதப்பட்டவரின் ஒப்புதலோடு, பெயரின்றி, வாரம் ஒரு பக்கத்தை வெளியிட்டால் மற்றப் பிள்ளைகளுக்கு இது எப்படி எழுதப்படும் என்பது விளங்கும்.

அந்தத் தாயாரின் மகன் எந்தப் பள்ளியில் படிக்கிறான் என்று அவர் குறிப்பிடவில்லை. பொதுத்தேர்வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அவன் வகுப்பில் சாக்பீஸ் டப்பாவில் சீட்டுக் குலுக்க ஆசிரியர் யாராவது முன்வந்தால், நோட்டையும் ஜெராக்ஸ் செலவையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். அவன் பக்கத்தை அவன் படித்து, அடிக்க வேண்டியதை அடித்த பிறகு, தாயாரும் அனுமதி கேட்டுப் படிக்கலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தூத்துக்குடி.